இந்த வாரம் வீட்டில் பார்த்த படங்கள்: குறை படத்திலா, டிவியிலா?

மாலைக்காட்சி

இந்த வாரம் அஞ்சு படம். 55 இஞ்ச் 4கே டிவி, அதோட சொந்த ஸ்பீக்கர், சோபாவுக்கும் திரைக்கும் நாலு மீட்டர். மனசுல பட்டதை அப்படியே எழுதறேன், தப்பிருந்தா சொல்லுங்க.

ரஷோமோன் (1950): ஒரே சம்பவத்தை ஆளுக்கொரு மாதிரி சொல்றாங்க, யாரையும் முழுசா நம்பவும் முடியல, தள்ளவும் முடியல. ஆனா காட்டு வெளிச்சம் கண்ணைக் குத்துது. கருப்பு வெள்ளைப் படம்னு பேர், எல்லாமே லேசா நீலமா இருக்கு.

டோக்கியோ ஸ்டோரி (1953): கடலோரச் சுவர் மேல அந்த ரெண்டு பெரியவங்களும் உக்காந்திருக்கிற இடம் ரெண்டு நாளா மனசை விட்டுப் போகல. ஆனா எல்லார் முகமும் உப்பின மாதிரி தெரியுது.

பாரி லிண்டன் (1975): மெழுகுவர்த்திக் காட்சிகளை அவ்வளவு புகழறாங்க. எனக்குத் தெரிஞ்சது சுடர் மட்டும்தான், சுத்தி ஒரே கருப்பு.

லாரன்ஸ் ஆஃப் அரேபியா (1962): ஆரம்பத்துல சில நிமிஷம் இசை மட்டும் ஓடுது, படமே வரல. பாலைவனத்துல தூரத்துல இருந்து ஒருத்தர் வர்ற காட்சியைப் பத்தி நிறைய படிச்சிருக்கேன். அவர் எப்ப வர ஆரம்பிச்சார்னே தெரியல.

ரோமா (2018): தரையில தண்ணி ஊத்திக் கழுவற முதல் காட்சியிலயே கட்டிப்போட்டுது. ஆனா கேமரா மெதுவா திரும்பும்போதெல்லாம் படம் உதறுது. மோஷன் செட்டிங்கை ஆன் பண்ணினா சீரியல் மாதிரி வழுக்குது. வசனம் வெறும் முணுமுணுப்பு.

இதெல்லாம் படத்தோட குறையா, இல்ல என் பக்கம் ஏதாவது பண்ணணுமா?

சட்டகம்24

ரோமாவுல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா அந்த உதறல் படத்துல இல்லவே இல்ல.

படம் வினாடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனித்தனி அசையாப் படம். ஒவ்வொரு ஃப்ரேமும் திரையில 41.7 மில்லி வினாடி நிக்கணும். டிவிக்கு வர்ற சிக்னல் 60 ஹெர்ட்ஸ்னா, அதாவது வினாடிக்கு 60 தடவைன்னா, 24 அதுல சமமா வகுபடாது. அதனால ஒரு ஃப்ரேமை மூணு தடவை, அடுத்ததை ரெண்டு தடவைன்னு மாத்தி மாத்திக் காட்டுது. ஒண்ணு 50 மில்லி வினாடி நிக்கும், அடுத்தது 33. முகம் பேசற காட்சியில இது கண்ணுல படாது. ரோமாவுல கேமரா ஒரு வீட்டை ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரம் வரைக்கும் ஒரே வேகத்துல நிதானமா சுத்திப் பாக்குது. கதவு விளிம்பு, படிக்கட்டுக் கம்பி மாதிரி நேர்க்கோடு எல்லாம் நொண்டி நொண்டி நகரும். இந்தக் கோளாறை முதல்ல காட்டிக் கொடுக்கிற படம் இதுதான்.

சரி பண்றது இப்படி:

1. தனி ஸ்ட்ரீமிங் பெட்டி வச்சிருந்தா அதோட டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல "மேட்ச் ஃப்ரேம் ரேட்" ஆன் பண்ணுங்க. படம் தொடங்கும்போது திரை ஒண்ணு ரெண்டு வினாடி கருப்பாகும். அது சிக்னல் மாறுற நேரம், பழுதுன்னு நினைச்சு திருப்பி அணைச்சிடாதீங்க.

2. படம் ஓடும்போது ரிமோட்ல இன்ஃபோ பட்டனை அழுத்துங்க. 24 ஹெர்ட்ஸ்னு காட்டினா சரி, சில மாடல்ல 23.976 வரும். 60னு காட்டினா இன்னும் மாறல. 50னு காட்டினா இன்னும் மோசம், அரை வினாடிக்கு ஒரு தடவை ஒரு சின்ன இடறல் இருக்கும்.

3. அதுக்கப்புறம் மோஷன் ஸ்மூத்திங்கை அணைங்க. கம்பெனிக்குக் கம்பெனி பேர் மாறும்: மோஷன்ஃப்ளோ, ட்ரூமோஷன், பிக்சர் கிளாரிட்டி. எந்தப் பேர்ல வந்தாலும் வேலை ஒண்ணுதான். ரெண்டு நிஜ ஃப்ரேமுக்கு நடுவுல டிவியே கற்பனையா ஒரு ஃப்ரேம் போட்டு நிரப்புது. நீங்க சொன்ன சீரியல் வழுக்கல் அதுதான். ரோமாவோட கடல் காட்சியில அதை ஆன் பண்ணிப் பாத்தா அலை நுரை ஓரத்துல படம் கிழிஞ்சு ஒட்டறது தெரியும்.

120 ஹெர்ட்ஸ் பேனலா இருந்தா ஒரு ஃப்ரேமுக்கு அஞ்சு தடவைன்னு சரியா உக்காந்துரும். நிறைய டிவி உள்ள இருக்கிற ஆப்ல தானாவே இதைப் பண்ணும். கோளாறு பெரும்பாலும் வெளிப்பெட்டியிலதான்.

கரும்பட்டை

டோக்கியோ ஸ்டோரியில் முகம் உப்பியதற்குக் காரணம் ரிமோட்டில் இருக்கிறது. அந்தப் படத்தின் அகலமும் உயரமும் 1.37க்கு 1. உங்கள் டிவி 1.78க்கு 1. "வைட்" அல்லது "ஃபுல்" என்று வைத்திருந்தால் படம் பக்கவாட்டில் 30 சதவீதம் இழுபடும். "ஜூம்" வைத்தால் முகம் சரியாகும், ஆனால் மேலும் கீழுமாக உயரத்தில் 23 சதவீதம் வெட்டுப்படும். அந்தப் படத்தின் இயக்குநர் ஓசு கேமராவைத் தரையில் உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்கும் தாழ்வாக வைத்துப் பாய், கதவுச்சட்டம், கூரை எல்லாவற்றையும் அளந்து அடுக்குகிறவர். ஜூமில் பாயும் போய்விடும், சப்டைட்டிலின் கீழ்வரியும் போய்விடும்.

வைக்க வேண்டியது "ஒரிஜினல்" அல்லது "ஜஸ்ட் ஸ்கேன்". படத்தின் ஓரங்களை வெட்டும் "ஓவர்ஸ்கேன்" என்று தனியாக ஒன்று இருந்தால் அணைத்துவிடுங்கள். உங்கள் 55 இஞ்ச் திரை 122 செ.மீ. அகலம், 68.5 செ.மீ. உயரம். டோக்கியோ ஸ்டோரி அதில் நடுவே 94 செ.மீ. அகலத்துக்கு வர வேண்டும். இரண்டு ஓரத்திலும் சுமார் 14 செ.மீ. கருப்பு இருக்கும். ஒரு டேப் வைத்து அளந்தாலே படம் சரியாக வருகிறதா என்று தெரிந்துவிடும்.

ரோமா 2.39க்கு 1. மேலும் கீழும் கருப்புப் பட்டை வந்து, படத்தின் உயரம் 51 செ.மீ. ஆகும். பட்டை பிடிக்கவில்லை என்று அதை நிரப்பினால் படத்தின் அகலத்தில் கால் பங்கு போய்விடும். அந்தப் படத்தில் முக்கியமான ஆள் பல இடங்களில் ஓரத்தில்தான் நிற்கிறார்.

"ஆட்டோ" என்ற தேர்வை நான் நம்புவதில்லை. தி கிராண்ட் புடாபெஸ்ட் ஹோட்டல் (2014) படத்தில் 1930களின் கதை 1.37, 1960களின் கதை அகலத்திரை, 1980களின் கதை 1.85 என்று ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு சட்டகம். பட்டையைத் தானாக நிரப்பும் டிவியில் பார்த்தால் எந்தக் காலத்தில் இருக்கிறோம் என்ற அடையாளமே அழிந்துவிடும்.

பின்வரிசை

சட்டகம்24 சொன்னதுல ஒண்ணுக்கு மட்டும் மாற்றுக் கருத்து. மோஷனை முழுசா அணைக்கிறது எல்லா டிவிக்கும் பொருந்தாது. ஓஎல்இடி திரையில ஒவ்வொரு புள்ளியும் கண நேரத்துல மாறி அப்படியே அசையாம நிக்கும். அதனால 24 ஃப்ரேம் படம் சரியா வந்தாக்கூட கேமரா திரும்பும்போது வெட்டு வெட்டா தெரியும். அதுல மோஷனை "கஸ்டம்"ல வச்சு, டீ-ப்ளர் (மங்கலைக் குறைக்கிறது) 0, டீ-ஜட்டர் (உதறலைக் குறைக்கிறது) 1 அல்லது 2 வச்சா பார்க்கறதுக்கு இதமா இருக்கும். 3க்கு மேல போனா வழுக்கல் ஆரம்பிச்சுடும்.

சட்டகம்24

ஓஎல்இடி பத்தி நீங்க சொல்றது சரி, அந்த வெட்டல் வேற சங்கதி. ஆனா வரிசை முக்கியம் நண்பரே. முதல்ல 24 சரியா வருதான்னு உறுதி பண்ணிட்டு அப்புறம் 1, 2 வைக்கணும். 60ல வர்ற நொண்டலை மறைக்க டீ-ஜட்டர் வச்சா ரெண்டு கோளாறும் சேர்ந்து நிக்கும். இன்னொண்ணு, ஒளிப்பதிவுக்காரங்க கிட்ட ஒரு கணக்கு உண்டு: 24 ஃப்ரேம்ல ஒரு பொருள் திரையோட ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரம் போக ஏழு வினாடியாவது எடுத்தா கண்ணுக்கு உறுத்தாது. அதைவிட வேகமா திரும்பற காட்சி தியேட்டர்லயும் கொஞ்சம் வெட்டத்தான் செய்யும். எல்லா வெட்டலையும் அழிக்கணும்னு நிக்காதீங்க.

இருட்டறை

பாரி லிண்டனின் கருப்புக்கு வருகிறேன். அந்தக் காட்சிகளை எடுத்தது நாசாவுக்காகத் தயாரான, ஸைஸ் (Zeiss) நிறுவனத்தின் 50 மி.மீ. லென்ஸ், வெளிச்சம் நுழையும் துளை எஃப் 0.7 என்ற மிகப் பெரிய அளவு. மெழுகுவர்த்தி வெளிச்சமே போதும் என்பதற்காக அது. அந்தத் துளையில் தெளிவாக விழும் ஆழம் மிகக் குறைவு, அதனால்தான் சீட்டாட்ட மேஜையில் எல்லோரும் அசையாமல் இருக்கிறார்கள். சுடருக்குப் பின்னால் உடையின் மடிப்பு, சுவரின் நிறம், அடுத்த ஆளின் தோள் எல்லாம் படத்தில் உண்டு. உங்கள் டிவி அதைக் கருப்பில் அமுக்கியிருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது எச்டிஎம்ஐ வழி வரும் கருப்பின் அளவு. வெளிச்சத்தை எண்ணால் குறிப்பார்கள்: வீடியோவில் கருப்பு 16, வெள்ளை 235. கணினிப் பாணியில் 0 முதல் 255. பெட்டி 0–255 அனுப்பி டிவி 16–235 என்று எதிர்பார்த்தால் 16க்குக் கீழே உள்ள நிழல் முழுவதும் ஒரே கருப்பாகிவிடும். உங்கள் நிலைமை அதுதான் என்று நினைக்கிறேன். தலைகீழாக இருந்தால் கருப்பு சாம்பலாகும். டிவியில் இதன் பெயர் "எச்டிஎம்ஐ பிளாக் லெவல்" அல்லது "டைனமிக் ரேஞ்ச்". பெட்டியிலும் டிவியிலும் ஒரே தேர்வு இருக்க வேண்டும், படம் பார்க்க இரண்டையும் "லிமிடெட்" வைத்தால் போதும்.

அதன் பிறகு பிக்சர் மோடை "ஃபிலிம்மேக்கர்" அல்லது "சினிமா"வுக்கு மாற்றுங்கள். ஃபிலிம்மேக்கர் மோடு 2019இல் அறிமுகமானது. மோஷன், கூடுதல் ஷார்ப்னஸ், நாய்ஸ் ரிடக்ஷன் எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் அணைத்து, வெள்ளையை 6500 கெல்வினுக்குக் கொண்டுவரும். முதல் பத்து நிமிடம் படம் மஞ்சளாகத் தோன்றும். கண் பழக வேண்டும், பொறுங்கள்.

ரஷோமோன் நீலமாகத் தெரிந்ததும் இதனால்தான். கடையில் பளிச்சென்று காட்டுவதற்காக வைக்கும் "விவிட்" மோடில் வெள்ளை 6500ஐத் தாண்டி நீலத்துக்குப் போய்விடுகிறது. கலர் டெம்பரேச்சரை "வார்ம் 2"க்கு மாற்றுங்கள். டிவியின் வெள்ளையைச் சோதிக்கக் கருப்பு வெள்ளைப் படத்தைவிட நல்ல கருவி இல்லை: சாம்பலில் எந்த நிறமும் ஒட்டக் கூடாது.

காட்டு வெளிச்சம் கண்ணைக் குத்துவது பாதி டிவியின் வேலை, பாதி ஒளிப்பதிவாளர் மியாகவாவின் வேலை. அவர் கேமராவைச் சூரியனை நோக்கியே திருப்பினார், கண்ணாடிகளை வைத்து வெயிலை இலைகளுக்குள் அனுப்பினார். அந்தக் கூச்சம் வேண்டியதுதான். ஆனால் "டைனமிக் கான்ட்ராஸ்ட்" ஆன் ஆகியிருந்தால் காட்சிக்குக் காட்சி டிவி வெளிச்சத்தைத் தானாக ஏற்றி இறக்கும், இலை நிழல் முகத்தில் ஆடுவது அதில் மாவாகிவிடும். அணைத்துவிட்டு அதே காட்சியைப் பாருங்கள். நெற்றியில் விழும் ஒவ்வொரு இலை நிழலுக்கும் ஓரம் தெரிய வேண்டும்.

ஷார்ப்னஸ் பெரும்பாலான டிவியில் 0க்கு அருகில். சோனியில் 50தான் நடு, அங்கே 0 வைத்தால் படம் மங்கும். மின்சாரச் சேமிப்பு, அறை வெளிச்ச சென்சார் இரண்டையும் அணைக்காமல் "படம் இருட்டு" என்று யாரும் எழுதாதீர்கள். பகலில் ஜன்னல் திறந்திருக்கும்போது பாரி லிண்டன் பார்ப்பதில் பயன் இல்லை. திரைக்குப் பின்னால் சுவரில் படும்படி ஒரு மங்கலான விளக்கு போதும்.

ஒலித்தடம்

முணுமுணுப்பு விஷயம். ரோமா ஒலி மற்ற படம் மாதிரி கலக்கப்படல. வழக்கமா வசனம் எல்லாம் நடு ஸ்பீக்கர்ல இருக்கும், சுத்தி இருக்கிறதுல சத்தமும் இசையும் வரும். ரோமாவுல ஆள் சட்டகத்துக்கு வெளிய போனா குரலும் அந்தப் பக்கமே போகும், பக்கவாட்டுக்கும் பின்னாலயும். பல வழி ஒலியை ரெண்டா மடிக்கும்போது நடு ஸ்பீக்கர் ஒலியை 3 டெசிபல் குறைச்சு ரெண்டு பக்கமும் பிரிச்சுப் போடறது வழக்கம். பின் ஸ்பீக்கர் ஒலியும் அதே மாதிரி குறைஞ்சு அதே குவியலுக்குள்ள விழும். தெருச் சத்தம், நாய், விமானம், குரல் எல்லாம் ஒரே இடத்துல இருந்து வந்தா காது பிரிச்செடுக்க முடியாம தவிக்குது.

இன்னொரு காரணம் வால்யூம். தியேட்டர் அளவுகோல்ல ஒரு ஸ்பீக்கருக்கு 85 டெசிபல், அதுக்கு மேல உச்சத்துக்கு இன்னொரு 20. வீட்டுல நாம அதைவிட ரொம்பக் குறைச்சுத்தான் வைப்போம். குறைச்சுக் கேட்கும்போது மெல்லிய குரல் அறைச் சத்தத்துக்குக் கீழ போயிடும்.

செய்ய வேண்டியது:

ஆப்ல ஆடியோ பட்டியலைத் திறங்க. 5.1 (ஆறு வழி ஒலி), ஸ்டீரியோ (ரெண்டு வழி)ன்னு ரெண்டு இருந்தா உங்க டிவி ஸ்பீக்கருக்கு ஸ்டீரியோதான். டிவியே குத்துமதிப்பா மடிக்கிறதைவிட ஏற்கெனவே ரெண்டாக் கலந்த தடம் பெரும்பாலும் தெளிவா இருக்கும்.

டிவி ஒலியில "விர்ச்சுவல் சரவுண்ட்" அணைங்க. அது குரலோட நடுப்பகுதியையே கரைச்சுடும். ராத்திரி பாக்கறப்ப "நைட் மோடு" வைக்கலாம், உச்சத்தை அமுக்கி மெல்லியதை உயர்த்தும். "கிளியர் வாய்ஸ்" ஒரு படி மட்டும் போதும். முழுசா ஏத்தினா ஒவ்வொரு ஸகரமும் சீறும்.

சவுண்ட்பார் வாங்கினா நடு ஸ்பீக்கர் தனியா இருக்கிறதா வாங்குங்க. நடு ஒலியை 2, 3 டெசிபல் மட்டும் ஏத்துங்க. அதுக்கு மேல போனா குரல் காட்சியில ஒட்டாம முன்னால வந்து நிக்கும். மேஜையோட முன் விளிம்புக்கு இழுத்து வைங்க. உள்ள தள்ளி வச்சா மேஜைப் பரப்புல ஒலி பட்டுத் திரும்பி குரல் குழம்பும். அலமாரிக்குள்ள வைக்கவே கூடாது.

ரோமாவுக்கு மட்டும்னா சவுண்ட்பாரைவிட வயர் வச்ச ஹெட்ஃபோன் எவ்வளவோ மேல்.

மாலைக்காட்சி

எல்லாருக்கும் நன்றி. பிளாக் லெவல் பெட்டியில "ஃபுல்"னு இருந்துச்சு, டிவியில "லோ", அதாவது லிமிடெட். பெட்டியையும் லிமிடெட்டுக்கு மாத்தின பிறகு பாரி லிண்டன் சீட்டாட்டக் காட்சியை மட்டும் திரும்பப் போட்டேன். மேஜையைச் சுத்தி அத்தனை பேர் இருக்காங்கன்னு இப்பத்தான் தெரியுது! முகத்துப் பவுடர் மேல வெளிச்சம் நடுங்கறது கூட தெரியுது. மெதுவான படம்னு நினைச்சது தப்பு, பார்க்கறதுக்கு அவ்வளவு இருக்கும்போது அந்த நேரம் பத்தவே இல்ல.

ப்ளூடூத் ஹெட்ஃபோன்தான் கையில இருக்கு, அது போதுமா? லாரன்ஸ் பத்தியும் சொல்லுங்க.

ஒலித்தடம்

ப்ளூடூத்ல சாதாரணமா 150ல இருந்து 250 மில்லி வினாடி தாமதம் வரும். லாரன்ஸ்ல தீக்குச்சியை ஊதி அணைக்கிற உடனே பாலைவன விடியலுக்கு வெட்டுற இடம் இருக்கே, அதை வச்சே சோதிக்கலாம். 200 மில்லி வினாடி தாமதம்னா கிட்டத்தட்ட அஞ்சு ஃப்ரேம். குச்சி அணைஞ்சு பாலைவனம் வந்தப்புறம் ஊதற சத்தம் கேட்கும், அந்த வெட்டே செத்துப்போகும்.

டிவியில இருக்கிற "ஆடியோ டிலே" ஒலியைப் பின்னுக்குத் தள்ளத்தான் உதவும், ஏற்கெனவே பிந்தி வர்றதை முன்னுக்குக் கொண்டுவராது. கணினியில விஎல்சி பிளேயர்ல பாத்தா ஜே விசை ஒலியை 50 மில்லி வினாடி முன்னுக்கு இழுக்கும், கே பின்னுக்குத் தள்ளும். ஜேவை நாலு தடவை அழுத்தி அந்தத் தீக்குச்சியைத் திரும்பப் பாருங்க. சப்டைட்டில் தள்ளிப்போனா ஜி, எச் விசைகள்.

கரும்பட்டை

லாரன்ஸ் தொடக்கத்தில் திரை கருப்பாக இருப்பது படத்தின் பகுதி. அரங்கில் விளக்கு அணைவதற்கு முன் வாசிக்கும் முன்னிசை அது, பெரிய திரைப் படங்கள் பலவற்றில் உண்டு. ஓட்டிவிட வேண்டாம். அந்த நேரத்தில் வால்யூமைச் சரி செய்து, அறை விளக்கைக் குறைத்துக்கொள்ளலாம்.

ஆள் வரும் காட்சியில் கோளாறு உங்கள் நாலு மீட்டர். சாதாரணக் கண் பிரித்தறியும் கோணம் ஒரு ஆர்க் மினிட், அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. நாலு மீட்டரில் அது 1.16 மி.மீ. உங்கள் 4கே திரையின் ஒரு புள்ளி 0.32 மி.மீ.தான். அதாவது கிட்டத்தட்ட நாலு புள்ளி சேர்ந்தால்தான் உங்கள் கண்ணுக்கு ஒன்று. அந்தக் காட்சியில் ஷெரீஃப் அலி கானலில் மிதக்கும் ஒரு கருப்புத் துளியாகத்தான் தொடங்குகிறார். 70 மி.மீ. படத்துக்காக எடுத்தது, அந்தத் துளியைத் தேடுவதுதான் காட்சியே.

திரை உங்கள் பார்வையில் 40 பாகை நிரம்ப 1.7 மீட்டர், 30 பாகைக்கு 2.3 மீட்டர். மற்ற அளவுத் திரைக்கு அகலத்தை 1.4ஆல் அல்லது 1.9ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

பின்வரிசை

சப்டைட்டில் வச்சுப் பாக்கறவங்களுக்கு 1.7 ரொம்பக் கிட்ட. கண் கீழ்வரிக்கும் முகத்துக்கும் ஓடிக்கிட்டே இருக்கும். 2.3 மீட்டர்தான் சரி. சோபா நகராதுன்னா அந்த ஒரு படத்துக்கு ஒரு நாற்காலியை முன்னால போட்டுக்குங்க.

சப்டைட்டில் நிறத்தையும் மாத்துங்க. சுத்த வெள்ளைக்குப் பதிலா 70 சதவீத சாம்பல். இருட்டுக் காட்சியில வெள்ளை எழுத்து வந்தா கண் அதுக்குச் சுருங்கும், பின்னொளி உள்ள டிவியில எழுத்தைச் சுத்தி ஒரு ஒளிவட்டமும் வரும். பாரி லிண்டனுக்கு வசனம் புரியும்னா சப்டைட்டிலே வேண்டாம்.

சட்டகம்24

ஒண்ணு சேர்த்துக்கறேன். படத்தைக் குறை சொல்றதுக்கு முன்னால ஓடற நேரத்தைச் சரிபாருங்க. சில பழைய டிவிடி 25 ஃப்ரேமுக்கு வேகம் ஏத்தினது. 4 சதவீதம் வேகம், குரலும் கொஞ்சம் உயரும். டோக்கியோ ஸ்டோரி 136 நிமிஷத்துக்கு ஒட்டி இருக்கணும். உங்க பிரதி 130, 131னு காட்டினா அதுல ஒண்ணும் வெட்டல, ஓட்டிட்டாங்க. அந்தப் படத்துல ஒருத்தர் பேசி முடிச்சதும் வர்ற அமைதி ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சமா கொறஞ்சிருக்கும்.

அப்புறம் ஸ்ட்ரீமிங் தரம். 4கேக்கு நிலையா வினாடிக்கு 15 மெகாபிட்டாவது வரணும். 4கே டிஸ்க்ல அதிகபட்சம் 128 வரைக்கும் இடம் உண்டு. லாரன்ஸ் கானல் நடுக்கமும் பாரி லிண்டன் சுவர் நிழலும் இந்த வித்தியாசத்தை முதல்ல காட்டும்: நடுக்கம் கட்டம் கட்டமா உறையும், நிழல் படி படியா வரியாகும். வைஃபை பலவீனமா இருந்தா டிவிக்கு ஒரு கேபிள் இழுங்க.

மாலைக்காட்சி

நாற்காலியை 2.3 மீட்டர்ல போட்டு, 24 ஹெர்ட்ஸ் வர்றதைப் பாத்துட்டு, கேபிள் இழுத்து லாரன்ஸ் கானல் காட்சி மட்டும் பாத்தேன். துளி தெரியுது. ரொம்ப நேரம் அது ஆளா, ஒட்டகமா, நிழலான்னு முடிவு பண்ண முடியல, கிணத்துக்கிட்ட நிக்கிற ரெண்டு பேருக்கும் அதே நிலைமைதான்.

டோக்கியோ ஸ்டோரி பிரதி 130 நிமிஷம்னு காட்டுது. 24ல ஓடற பிரதி கிடைச்சதும் அதைத்தான் முதல்ல பாக்கப்போறேன். லாரன்ஸ், டோக்கியோ ஸ்டோரி மாதிரி படங்களை ஒரே மூச்சுல பாக்கணுமா, நடுவுல நிறுத்தலாமா?

கரும்பட்டை

லாரன்ஸில் இடைவேளை படத்திலேயே இருக்கிறது, அங்கே நிறுத்துங்கள். அது முடிந்து இரண்டாம் பாதிக்கும் தனி இசை உண்டு, அது தொடங்கும்போது உட்கார்ந்துவிட்டால் சரி. டோக்கியோ ஸ்டோரியில் இடைவேளை கிடையாது. நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் காட்சிகளுக்கு நடுவே ஆளே இல்லாத புகைக்கூண்டு, துணிக்கொடி, ரயில் என்று சில வினாடி வருமே, அதைப் பார்த்து முடித்துவிட்டு நிறுத்துங்கள். திரும்பப் போடும்போது அதே இடத்திலிருந்து தொடங்குங்கள், அடுத்த வீட்டுக்குள் நுழைவதற்கான வழி அதுதான்.